தம்பியின் கழுத்தில் போட்ட குறி

பங்குனி பிறந்தால் உங்களுக்கெல்லாம் என்ன ஞாபகம் வருமோ தெரியாது. நம் வயசுக்காரர்களிடம் கேட்டால் நுங்கு, மாம்பிஞ்சு, முழுப்பரீட்சை என்று ஏதாவது சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. வேப்பம்பூ வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும் என் வலது கை தானாக மூடிக்கொள்ளும். அறுபத்தைந்து வயசைத் தாண்டியும் இந்தப் பழக்கம் போகவில்லை.

நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த சங்கதி. அஸ்தம்பட்டியில் இருந்து பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள், கேஸ் அடுப்பை அணைத்தேனா பார் என்று மகளுக்கு மூன்று தரம் போன் போடுவேன். பேரன் விளையாடிவிட்டு உள்ளே வந்தால், "எதைத் தொட்டே, சொல்லு, திட்ட மாட்டேன்" என்பதுதான் என் முதல் கேள்வி. "அவன் என்ன பாம்பையாம்மா தொட்டான்?" என்று மகள் சிரிப்பாள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவளிடம் நான் சொன்னதில்லை. யாரிடமுமே சொன்னதில்லை. இந்த வருஷம் சொல்லியே ஆக வேண்டும் என்று வந்துவிட்டது. காரணம் என் தம்பியின் இருதயம்.

தம்பி ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வாழ்க்கையைக் கழித்தவன். வடக்கே எந்த ஊரில் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தாலும் பங்குனிக்கு எங்கள் அப்பிச்சி ஊருக்கு வந்துவிடுவான். அம்மாவைப் பெற்றவரை எங்கள் பக்கம் அப்பிச்சி என்போம். எடப்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்கே மாரியம்மன் திருவிழாவுக்கு, எங்கள் பேச்சில் நோம்பிக்கு, அவன் வருஷம் தவறாமல் பூவோடு எடுப்பான். பூவோடு என்றால் நெருப்புச் சட்டிதான். கனலும் சட்டியை வெறும் வேப்பிலை வைத்த கையில் ஏந்திக்கொண்டு, ஈரத் துணியோடு, வெறுங்காலோடு, ஊர்க் கிணற்றில் இருந்து கோயில் வரைக்கும் வெயிலில் நடக்க வேண்டும்.

தை மாசம் அவனுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கனம் தூக்காதீர்கள், வெயிலில் அலையாதீர்கள், சூட்டுப் பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். மாசி முடிவதற்குள் அவன் மஞ்சள் வேட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டான். அவன் மனைவி எனக்குப் போன் செய்து அழுதாள். "நாஞ் சொன்னா கேக்க மாட்டேங்கறாருங்க. நாலு வயசுல கண்ணு போறதுக்கு இருந்துச்சாமா, ஆத்தா குடுத்த கண்ணாமா. எடுக்காம இருந்தா உசுரு இருந்து என்ன பிரயோசனம்கிறாருங்க. நீங்க வந்து சொல்லுங்க."

அவனுக்கு நாலு வயசில் நடந்தது என்னவென்று தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயசு. அம்மாவுக்கு ஏழாம் மாசம். அப்பா எங்களை அப்பிச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். அம்மாவின் அம்மா நாங்கள் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டை ஆண்டது மாமாவின் மனைவி, எங்கள் அத்தை. நறுவிசான கை, அவசரமான வாய்.

நாங்கள் போய் இறங்கிய வாரம்தான் கோயிலுக்கு முன்னால் கம்பம் நட்டிருந்தார்கள். மூன்று கிளையாகப் பிரிந்த மரத்தை வெட்டி வந்து நட்டு, அதை அம்மனாகவே பாவித்து, நோம்பி முடிகிற வரைக்கும் தினமும் விடியற்காலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். வீட்டுக்கு வீடு பெண்களும் பிள்ளைகளும் கிளம்பிவிடுவோம். எனக்கென்று வயிற்றில் சொட்டை விழுந்த ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. தம்பிக்குச் செம்பு கிடையாது. அவன் உள்ளங்கை இரண்டையும் குவித்து நீட்டுவான், நான் அதில் கொஞ்சம் ஊற்றுவேன். கம்பத்தடிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் ஒழுகியிருக்கும். வெறும் மஞ்சள் கையைக் கம்பத்தில் அப்பிவிட்டுத் திரும்பி ஓடி வருவான். மறுபடி ஊற்றச் சொல்வான்.

ஓட்டம்தான் பிரச்சனை. அவன் நடந்து நான் பார்த்ததில்லை. கன்றுக்குட்டி போனால் அதன் பின்னால் ஓடுவான், சைக்கிள் போனால் அதன் பின்னால். முந்தின வருஷத்து நோம்பிக் கூட்டத்தில் பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒன்று தொலைந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் கிடைத்தது என்று சிலர் சொன்னார்கள், இன்னும் கிடைக்கவே இல்லை என்று சிலர் சொன்னார்கள். அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னாள்.

"என்னால ஓட முடியாது கண்ணு. நோம்பி அன்னைக்கு நீதான் தம்பியப் பாத்துக்கோணும். அவனத் தொலைச்சுப்போட்டயின்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

தாய்மார்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று இப்போது தெரிகிறது. நானும் என் பிள்ளைகளிடம் அப்படிப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு நான் அதை அப்படியே நம்பினேன். தம்பி தொலைந்தால் அம்மா செத்துவிடுவாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டுக் கயிற்றை எடுத்து அவன் இடுப்பில் கட்டிப் பார்த்தேன். அவன் போட்ட கூச்சலில் அப்பிச்சி வந்து சிரித்துக்கொண்டே அவிழ்த்துவிட்டார். "அம்மணி, அவன் என்ன ஆட்டுக்குட்டியா?"

ஊர்த் துணியெல்லாம் வெளுக்கிற பெண் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து அழுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போவார். ஏரிக்கரையில் துவைப்பார். எந்த வீட்டுத் துணி எது என்று தெரிவதற்காகச் சேங்கொட்டையில் ஊசியால் குத்தி, அதில் கசியும் கறுப்புப் பாலைத் துணி ஓரத்தில் வைத்துக் குறி போடுவார். அப்பிச்சி வீட்டுக்கு இரண்டு புள்ளி, அடியில் ஒரு கோடு. குறி போடுமுன் விரலில் எல்லாம் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இது போகவே போகாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க சாமி போறது? கல்லுல எத்தன அடி அடிச்சாலும் போவாது. துணி கிழிஞ்சாலும் குறி நிக்கும். ஆயரம் துணிக்கு நடுவால போட்டாலும் உங்கூட்டுத் துணிய நான் கண்டுபிடிச்சுருவேன்."

எனக்கு விமோசனம் பிறந்துவிட்டது. அவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கொட்டையை எடுத்துப் பாவாடையில் முடிந்துகொண்டேன். அன்று மத்தியானம் வைக்கோல்போருக்குப் பின்னால் தம்பியைக் குப்புறப் படுக்கவைத்து, வாயில் வெல்லக்கட்டியைத் திணித்து, வேலாமுள்ளால் கொட்டையைக் குத்தி, பின்கழுத்தில் முடி முடிகிற இடத்தில் குறி போட்டேன். இரண்டு புள்ளி, ஒரு கோடு. கூசுகிறது என்று அவன் நெளிந்து நெளிந்து சிரித்தான். காயட்டும் என்று நான் ஊதிவிட்டேன். அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இரண்டாம் நாள் காலையில் அவன் கழுத்து பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது. சின்னச் சின்னக் கொப்புளங்கள். அரிப்பில் அவன் சொறிந்த கையாலேயே காதை, கன்னத்தை, கண்ணைத் தேய்த்திருக்கிறான். மத்தியானத்துக்குள் முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. உடம்பு கொதித்தது. அத்தை பார்த்தாள். கையில் இருந்த செம்பைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டு, மாமனாரான அப்பிச்சியைக் கூப்பிட்டாள்.

"ஆத்தா வந்துட்டாளுங்க மாமா!"

கோயில் முன்னால் கம்பம் நிற்கிறது, பிள்ளை உடம்பில் கொப்புளம் நிற்கிறது. யாருக்குச் சந்தேகம் வரும்? அது பெரியம்மை இன்னும் ஒழியாத காலம். அதே தெருவில் முகமெல்லாம் குழி விழுந்து ஒரு கண் போன ஆள் ஒருவர் இருந்தார். பெரியவர்கள் பயந்ததை இன்றைக்கு நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு நாழிகைக்குள் வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றது. அம்மை கண்ட வீட்டில் எண்ணெய் ஆகாது என்று எண்ணெய்ச் சாடி பரண் மேல் ஏறிவிட்டது. வெளி ஆள் உள்ளே வரக் கூடாது, அழுக்குத் துணி வெளியே போகக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்காரி அங்கே இருக்கக் கூடாது என்று அம்மாவைக் கொல்லை வழியாகத் தெருக்கோடியில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். சாயங்காலம் அவள் தெரு முக்கில் வந்து நின்றுகொண்டு, "தண்ணி குடிச்சானா?" என்று கத்துவாள். "குடிச்சான்" என்று நான் கத்துவேன். அவள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுவது இங்கிருந்தே தெரியும்.

என் நிலைமை திருடனுக்குத் தேள் கொட்டின கதை. கொட்டையைப் பிடித்திருந்த என் இரண்டு விரல் நுனியிலும் கொப்புளம். யாரும் பார்க்காமல் இருக்கக் கையை மூடியே வைத்திருந்தேன். "பாரு, தம்பி இந்தக் கெதியில கெடக்கறான், இவ ஆங்காரமா கைய முறுக்கிக்கிட்டு நிக்கறா" என்றாள் அத்தை. சொன்னால் தோலை உரிப்பார்கள். சொல்லாவிட்டால் அவன் கண் போய்விடும். ஒருவேளை நான் போட்டது வெறும் குறிதானோ, நிஜமாகவே ஆத்தாதான் வந்திருக்கிறாளோ என்றும் தோன்றும். அப்படித் தோன்றும்போது கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று மாலை அப்பிச்சி பாய் ஓரத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டே வேண்டிக்கொண்டார். "கண்ணு ரெண்டையும் உட்டுரு தாயே. இவன் உசுரு இருக்கற வரைக்கும் வருசா வருசம் உனக்குப் பூவோடு எடுப்பான்."

இவன் எடுப்பான் என்றார். நான் எடுப்பேன் என்று சொல்லவில்லை. நாலு வயசுப் பிள்ளையின் தலையில் ஆயுசுக்கும் ஒரு சட்டியை ஏற்றி வைத்தார். பிரியத்தில் செய்ததுதான். இருந்தாலும் அந்த மனுஷர் மேல் எனக்கு இன்றும் ஒரு கோபம் இருக்கிறது. என் மேல் இருக்கிற கோபத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்தேன். அத்தை திரும்பிப் பார்த்தாள். "தாகமா இருக்குது" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஏரிக்கரைக்கு வேப்பிலை ஒடிக்க என்னை அனுப்பினார்கள். அங்கே அந்தத் துணி வெளுக்கிறவர் துவைத்துக்கொண்டிருந்தார். "ஊட்டுல ஆத்தா வெளையாடறாளாமா சாமி? பையன் எப்புடி இருக்கறான்?" என்றவர் என் கையைப் பார்த்தார். ஈரக் கையால் என் விரல்களைப் பிரித்தார். கொப்புளத்தைப் பார்த்த உடனே அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஆருக்குப் போட்ட?"

சொன்னேன். ஏன் போட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் அடிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. துவைக்கிற கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வெளிய தெரிஞ்சா உனக்கு நாலு அடியோட போயிரும் சாமி. எனக்கு இந்த ஊருல சோறு போயிரும். கொட்டைய நாந்தான் குடுத்தேன்னு சொல்லிப்போடுவாங்க."

பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துப் பயந்தது அதுதான் முதல் தடவை. என்னைவிட இருபத்தைந்து, முப்பது வயசு மூத்தவர். நாங்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், அவர் எங்களைச் சாமி என்பார். அதில் ஒரு தப்பும் அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

எழுந்து போய்த் தன் சோற்றுத் தூக்குப்போசிக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் குப்பியை எடுத்து வந்தார். விரலில் பூசிக்கொள்ள வைத்திருந்த தேங்காய் எண்ணெய். "மொதல்ல சோப்புப் போட்டு அவன் கை நகத்தக் கழுவி உடு. அப்பறம் இதத் தடவு. கண்ணுக்குள்ள போவாம, மேலால தடவு. ஆத்தாளே வந்து வேண்டாம்னாலும் தடவு. நான் ஆத்தாகிட்டச் சொல்லிக்கறேன், நீ போ."

மத்தியானத்தில் அத்தை மாடு கட்டும் கட்டுத்தறிக்குப் போவாள். அப்பிச்சி துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கண் அசருவார். அப்போது நான் தவழ்ந்து போய்த் தம்பியின் கையைக் கழுவித் துடைத்து, எண்ணெயைத் தடவுவேன். மூச்சு விடவே பயம், பேச்சு எங்கே வரும்? முதலில் அவன் உடம்பு விறைக்கும். பிறகு பெருமூச்சு ஒன்று விடுவான். மூன்று நாள் மத்தியானம் தடவினேன். தடவிய பிறகு வாசனை தெரியாமல் இருக்க வேப்பிலையைக் கசக்கிப் பக்கத்தில் போட்டுவிடுவேன். இரண்டாம் நாள் அத்தை மூக்கை உறிஞ்சினாள். "எண்ண வாசம் அடிக்குதே?" கோயில் விளக்கெண்ணெய் வாசம் காற்றில் வருகிறது என்றார் அப்பிச்சி. நான் செத்துப் பிழைத்தேன்.

வீக்கம் வடிந்தது. ஒரு கண் திறந்தது, மறுநாள் இன்னொரு கண். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் வீடு அந்த வருஷம் நோம்பிக்கே போகவில்லை, ஆகவே யாரும் தொலையவும் இல்லை. கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்ட சத்தம் வீட்டுக்குள் இருந்தே கேட்டது. அம்மா திரும்பி வந்து தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, "என்ற சாமிய ஆத்தா திருப்பிக் குடுத்துட்டா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அதற்கு மேல் நான் எப்படிச் சொல்வது? அடுத்த பங்குனியில் ஐந்து வயசுக் கையில் குருவிக்கூடு அளவுக்கு ஒரு சட்டியைக் கொடுத்து, அப்பிச்சி பின்னால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

எண்ணெய் கொடுத்தவர் பிறகு மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். குப்பியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பயத்தில் வைக்கோல்போரில் ஒளித்துவைத்தேன், எங்கே போனதோ. நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.

இந்த வருஷம் நோம்பிக்கு முந்தின நாள் தம்பி வீட்டுக்குப் போனேன். வாசலில் அவன் பேத்திகள் இருவரும் பிளாஸ்டிக் குடத்தில் மஞ்சளைக் கரைத்துச் சட்டையெல்லாம் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாத்திரை டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவன் புதுச் சட்டிக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தான். நான் சொல்லத் தொடங்கினேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி வராது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். உனக்கு வந்தது அம்மையே இல்லை, நான் செய்த வேலை, அப்பிச்சி வேண்டுதல் செல்லாது, அந்தச் சட்டியைக் கீழே வை.

அவன் சந்தனக் கையைத் துண்டில் துடைத்தான். பிறகு கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"மத்தியானத்துல ஒரு கை வரும்க்கா. குளுகுளுன்னு இருக்கும். கண்ணு தொறக்க முடியல, ஆருன்னு தெரியல. பேசவும் இல்ல. மூணு நாளும் வந்துச்சு. அது ஆத்தா கையின்னு நெனச்சுத்தான் இத்தன வருசமா சட்டி எடுத்தேன். அப்பிச்சி வேண்டுனதுக்கு இல்ல." சட்டியை ஓரமாக நகர்த்தினான். "அது உன்ற கையா?"

கையை நீட்டினேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எழுந்து வெளியே போய்விட்டான். வாசலில் நிறுத்தியிருந்த அவன் வண்டிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான். நெஞ்சில் கம்பி வைத்த மனுஷனிடம் இருந்து ஆத்தாவையே பிடுங்கிக்கொண்டேனே, இதற்கு அந்தச் சட்டியே தேவலையே என்று இருந்தது.

திரும்பி வந்து, "எண்ண குடுத்தவங்க எங்க இருக்கறாங்க?" என்றான்.

"தெரியலடா. இருக்க மாட்டாங்க."

"ஆத்தாகிட்டச் சொல்லிக்கறேன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

அவன் பூசிய சட்டியை எடுத்துக் கொண்டுபோய்ச் சாமி அறையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மாத்திரை போட்டுக்கொள்ளத் தண்ணீர் கேட்டான்.

மறுநாள் அப்பிச்சி ஊரில் அவன் வெறும் வேப்பிலைக் கொத்தோடு நடந்தான், ஒரு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு. இன்னொரு பேத்தி என் கையில். கோயில் தெரு திரும்பும் இடத்தில் கூட்டம் நெருக்கி எங்களைப் பிரித்துவிட்டது. எங்கே பார்த்தாலும் மஞ்சள் வேட்டி, நரைத்த தலை, ஈர முதுகு. வெயில் அடித்தது. எங்கேயாவது விழுந்துகிடப்பானோ. பேத்தியை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு முதுகாகப் பார்த்தேன். இது அவன் இல்லை, அதுவும் இல்லை. நாலைந்து ஆள் தள்ளி ஒரு தலை பிள்ளையிடம் பேசக் குனிந்தது. முடி முடிகிற இடத்தில், தழும்பாக, மங்கலாக, இரண்டு புள்ளி, அடியில் ஒரு கோடு.

இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவன் கையைப் பிடித்துவிட்டேன். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"ஏக்கா, தொலஞ்சுபோயிட்டயா?"

இல்லை என்றேன். கோயில் வந்த பிறகும் கையை விடவில்லை.